சாஸ்தா சோலைக்குப் பெட்டிகளைக் கொண்டுபோகாதே

எய்யா, சுகம் விசாரிக்க இப்ப எனக்கு மனசு இல்ல. முதல்ல இதைப் படி. வண்டி பேசாதே. பேசியிருந்தா வேண்டாம்னு ஆள் அனுப்பு. பங்குனி உத்திரத்துக்கு நாம எல்லாரும் சாஸ்தா கோயிலுக்குப் போவோம், பொங்கல் விடுவோம், அதுல ஒரு குறையும் வைக்க வேண்டாம். ஆனா நம்ம தோப்புல உள்ள தேனீப் பெட்டியில ஒண்ணைக்கூட மலையடிக்குக் கொண்டுபோகப்படாது. நீ திருநெல்வேலிக் கச்சேரி உத்தியோகத்துல உக்காந்துகிட்டு நாலே வரி எழுதிட்டே. சீக்குப் பிடிச்ச பெட்டிகளைச் சாஸ்தா சோலையில நேர்ந்து விட்டுருவோம், பிறகு அவரு பாத்துக்கிடுவாருன்னு. அதைப் படிச்சதுல இருந்து எனக்கு அடுப்படியில கை ஓடல. உலை கொதிச்சு வழிஞ்சதுகூடத் தெரியாம நின்னேன்.

நீ வாற வரைக்கும் காத்திருந்து நேர்ல சொல்லலாம். நேர்ல சொன்னா நீ சிரிச்சு மழுப்பிருவே. 'சரிம்மா, பாப்போம்மா'ன்னு தலையை ஆட்டிட்டு உன் இஷ்டத்துக்குச் செய்யுத பிள்ளை நீ. சின்ன வயசுலயும் அப்படித்தான். ஆத்துல வெள்ளம் வருது இறங்காதேன்னு கத்தினா, சரிம்மான்னு சொல்லிக்கிட்டே வேட்டியை அவுத்துப் படித்துறையில வைப்பே. எங்க அப்பா எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தப்ப, பொட்டப்பிள்ளை யாருக்குக் கடுதாசி போடப்போகுதுன்னு தெருவே கேட்டுச்சாம். உனக்குப் போடத்தான்னு இப்ப தெரியுது. எழுத்துன்னா நீ ரெண்டு தடவை படிப்பே, உன் பிழைப்பே அதுதானே.

உன்னைக் குத்தம் சொல்லி எழுதுதேன்னு நினைக்காதே. அந்தப் பெட்டிகள் வந்த அன்னைக்கு உன்னைவிட எனக்குத்தான் சந்தோசம். மதுரைக்கு அங்கிட்டு மலைத்தோட்டத்துல ஒரு துரை கப்பல்ல சீமைத் தேனீ வரவழைச்சு வளத்தாரு, அவரு ஊருக்குப் போகும்போது எல்லாத்தையும் வித்துட்டாருன்னு சொல்லி, எட்டுப் பெட்டியை ரயில்ல ஏத்திக்கிட்டு வந்து இறங்கினே. மூடியைத் திறந்தா உள்ள வரிசையா மரச்சட்டம், சட்டத்துக்குள்ள அடை. கூட்டைப் பிய்க்க வேண்டாம், புழுவை நசுக்க வேண்டாம், தேனை மட்டும் எடுத்துக்கிடலாம்னு நீ காட்டினப்ப உங்கப்பா கண்ணுல தண்ணி வந்துட்டு. சைவர் வீட்டுக்கு ஏத்த தேன் இதுதான்னு தெருவுல பாத்தவங்களுக்கெல்லாம் சொன்னாரு. நானும்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அந்த வருசம் தோப்புல பூசணியும் பீர்க்கும் காய்ச்ச காய்ப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். ஆத்துக்கு அக்கரையில அம்பாசமுத்திரத்துச் சம்பந்தி வீட்டுக்குக் கூடை கூடையாக் கொடுத்தனுப்பினோம். போதும், இனி வைக்க இடம் இல்லைன்னு அவங்களே சொல்லியனுப்பினாங்க.

சீமை ஈ இங்கன தாக்குப்பிடிக்கல. ஒவ்வொரு பெட்டியாச் செத்துது. நம்ம வெயில் ஒத்துக்கிடலன்னு எல்லாரும் நம்பினோம். காலிப் பெட்டியை வீணாக்கப்படாதுன்னு, வாய்க்கால் கரை மரப்பொந்துகள்ல இருந்த நாட்டு ஈயைப் பைய எடுத்து அதே பெட்டிகள்ல குடிவச்சே. உள்ள இருந்த பழைய அடையைக்கூட மாத்தல. கட்டின வீடு இருக்கைல புதுசா எதுக்குக் கட்டணும்னு கேட்டே. கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த வீட்டுல செத்தவங்க எதனால செத்தாங்கன்னு நம்மள்ல ஒருத்தருக்கும் கேக்கத் தோணல. நீ லீவு முடிஞ்சு போயிட்டே. பிறகு நடந்ததைப் பாத்தது நான். வெள்ளையாச் சுருண்டு கிடக்க வேண்டிய புழுவெல்லாம் நீட்டி விறைச்சு, தண்ணி கோத்த கொப்புளம் மாதிரி ஆகி, பழுத்துக் கறுத்துது. ஈக்கள் அதை ஒண்ணொண்ணா இழுத்துக்கொண்டு வந்து வாசலுக்கு வெளிய போட்டுது. எறும்பு மொய்ச்சுது. நாளுக்கு நாள் பெட்டிக்குள்ள சத்தம் தேஞ்சுக்கிட்டே வந்துச்சு.

காவல் இல்லாத கூட்டுல தேன் இருந்தா வெளி ஈ சும்மா இருக்குமா? படித்துறைக்கு மேல நிக்குத மருதமரத்துப் பொந்துல ஒரு கூடு உண்டே, நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்பவே இருந்த கூடு. குளிக்கப் போகும்போதெல்லாம் அந்த இரைச்சலைக் கேட்டுக்கிட்டேதான் படி இறங்குவேன். அந்த ஈக்கள் திமுதிமுன்னு நம்ம தோப்புக்கு வந்து, சீக்குப் பெட்டிக்குள்ள புகுந்து தேனை அள்ளிக்கிட்டுப் போச்சு. இனாம் தேன் யாருக்குக் கசக்கும்? கொஞ்ச நாள்ல மருதமரத்தடியில அதே கறுத்த புழு உதிந்து கிடக்கு. இப்ப அந்தப் பொந்துல மூச்சு இல்ல. அதுக்குப் பிறகு வாய்க்கால் புளியமரம். அதுக்குப் பிறகு கோயில் மதில்ல இருந்த ஓட்டை. நான் தினமும் நடக்குத வழியில ஒவ்வொண்ணா அடங்கிப்போச்சு எய்யா. இந்த வருசம் பூசணி பூத்துப் பூத்து அப்படியே வாடி விழுது, ஒரு பிஞ்சு பிடிக்கல. உங்கப்பா மண்ணுல சத்து இல்லைன்னு எரு போடச் சொல்லுதாரு. மண்ணுக்கு என்ன, மண்ணு நல்லாத்தான் இருக்கு.

தைப்பொங்கலுக்கு நீ வந்தப்ப இதையெல்லாம் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினேன். பெட்டி, அடை, ஈ எல்லாத்தையும் சேத்துக் குழிவெட்டி எரிச்சிரணும், வேற வழி இல்லைன்னு சொன்னேன். நீ முகம் வெளுத்துப் போய் என்னைப் பாத்தே. "அம்மா, கோமதி மாசமா இருக்கைல நான் ஒரு எறும்பைக்கூட நசுக்க மாட்டேன். இத்தனை உயிரை எரிக்கச் சொல்லுதியே, நீதானா பேசுத?"ன்னு கேட்டே. பெண்டாட்டி வயித்துல பிள்ளை இருக்கைல புருசன் ஒரு உயிரைக் கொல்லப்படாது, பாடை தூக்கப்படாது, முகம் மழிக்கப்படாதுன்னு உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். உனக்கு முன்னால எனக்கு ரெண்டு பிள்ளை தங்கல. நீ வயித்துல இருந்தப்ப உங்கப்பா தாடியும் மீசையுமாப் பரதேசி மாதிரி இருந்தாரு. குதிருக்குள்ள எலி புகுந்து விதைநெல்லைத் தின்னுச்சு, அதைக்கூடச் சூ சூன்னு விரட்டினாரே ஒழிய அடிக்கல. நீ பிறந்தே, தங்கினே. அதனாலதான் தங்கினேன்னு நான் இன்னைக்கும் நம்புதேன். கோமதிக்குப் போன வருசம் கலைஞ்சு அவ சுவரைப் பாத்துக்கிட்டுக் கிடந்ததை நீ மட்டுமா பாத்தே? உன் பயத்தைப் பாத்து எனக்குச் சிரிப்பு வரல. எனக்கும் அதே பயம்தான்.

ஆனா அந்தப் பயத்துக்கு நீ கண்டுபிடிச்ச வழி இருக்கே, அது உங்கப்பா தேள் பிடிச்ச கதை. மழைக்காலத்துல நம்ம அடுப்படிக்குத் தேள் வரும். அடிக்கவிட மாட்டாரு. இடுக்கியால நோகாமப் பிடிச்சு, போய்ப் பிழைச்சுக்கோன்னு சொல்லி, கொல்லைச் சுவருக்கு அங்கிட்டு விட்டுருவாரு. சுவருக்கு அங்கிட்டு ஆவுடையக்கா வீடு. அவ வீட்டுல மட்டும் ஏன் இத்தனை தேள்னு தெருவே பேசுச்சு. மந்திரிச்சுக் கயிறெல்லாம் கட்டிப் பாத்தாங்க. ஒரு நாள் அக்காவையே கொட்டிட்டு. அவ அலறுத சத்தம் கேட்டு உங்கப்பா திருநீத்து மடலை எடுத்துக்கிட்டு ஓடிப்போய், உருகி உருகிப் பூசி விடுதாரு. நீ அப்ப சின்னப்பிள்ளை. கூடவே போய், அப்பா இது நம்ம வீட்டுத் தேளான்னு அவரு காதுகிட்டக் கேட்டே. வீட்டுக்கு வந்து எங்கிட்டச் சொன்னதும் நான் முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். உங்கப்பா அந்த வாரம் பூரா உன்னோட முகம் கொடுத்துப் பேசல. இப்ப எனக்குச் சிரிப்பு வரல எய்யா. உன் கையில பாவம் ஒட்டப்படாதுன்னு பெட்டியைத் தூக்கி அடுத்த கொல்லையில வைக்கப் பாக்கே. சாஸ்தா சோலையும் ஒரு கொல்லைதான். அங்கன குடியிருக்கது யாருன்னு நினைச்சுப் பாத்தியா?

இதுக்கு நேர்மாறா நீயே ஒரு காரியம் செஞ்சிருக்கே, அதை மறந்துட்டியோ என்னவோ. உன் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட பிறகு நம்ம தெருவுல பேதி வந்துச்சு. முகூர்த்தத்தைத் தள்ளிப் போட்டா அபசகுனம்னு சம்பந்தி குதிச்சாரு, உங்கப்பாவும் இழுத்த இழுப்புக்குப் போகப் பாத்தாரு. நீதான் ஒத்தைக்கால்ல நின்னே. நம்ம தெரு ஆள் ஒருத்தர்கூட இப்ப ஆத்தைத் தாண்டப்படாது, கல்யாணமே நின்னாலும் சரின்னு சொன்னே. கோமதியை அப்ப நீ சரியா முகம் பாத்ததுகூட இல்ல. அவ வீட்டுக்கு ஒரு கேடு போகப்படாதுன்னு அப்படி நின்னியே, அன்னைக்கு உன்னைப் பெத்த வயிறு குளிந்துச்சு. மனுசங்க விசயத்துல அவ்வளவு தெளிவா இருந்த பிள்ளைக்கு ஈ விசயத்துல மட்டும் எப்படிக் கண்ணு மறைச்சுது? சாமி பேரைச் சொன்னா நோய் அங்கனயே நின்னுருமா?

அந்தச் சோலையில நம்ம குடும்பம் ஒரு சொட்டுத் தேன் எடுத்ததில்ல. காஞ்ச சுள்ளியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டோம். அதனாலதான் பொந்து விழுந்த மரம் ஒவ்வொண்ணுலயும் கூடு. உத்திரத்தன்னைக்குப் பொங்கல் கொதிக்கைல, மேளத்தையும் மீறி மேல இருந்து ஒரு முழக்கம் கேக்குமே, அதுதான். அங்கன தொத்திட்டா அப்புறம் மலைதான், மலைக்குள்ள எத்தனை கூடுன்னு யாரு கண்டா? வருசா வருசம் மலையில குடியிருக்குத காணிக்காரங்க மூங்கில் குழாய்ல தேன் கொண்டுவந்து முதல்ல சாஸ்தாவுக்குப் படைச்சுட்டு, மிச்சத்தை நம்மகிட்டக் கொடுத்து நெல்லு வாங்கிட்டுப் போவாங்க. நாம கொண்டுவிட்ட பெட்டியை அவங்க தொட மாட்டாங்க. சாமிக்கு நேர்ந்ததுன்னு விழுந்து கும்பிட்டுட்டுப் போவாங்க. அடுத்த வருசம் குழாய் காலியா இருக்கும். எந்தச் சாமிக்கு என்ன குத்தம் செஞ்சோமோன்னு அவங்க குறி கேட்டு அலைவாங்க. நாம அதே கோயில்ல அவங்க பக்கத்துல நின்னு பொங்கல் சாப்பிடுவோம். என்னால ஆகாது.

இதுவரைக்கும் நேத்தே எழுதி மடிச்சு வச்சிருந்தேன். தபால்ல போட்டா நீ படிச்சு, யோசிச்சு, ஒரு பதில் போடுவே, அதுக்குப் பிறகு பேசிக்கிடலாம்னு இருந்தேன். இன்னைக்கு மத்தியானம் தோப்புக்குப் போனேன். சீக்குப் பெட்டி வாசல்ல புது ஈ. நம்ம ஈ தளந்துபோய் ஊருது. இதுகள் விருட்டு விருட்டுன்னு வந்து புகுந்து, வயிறு கனக்கக் குடிச்சுட்டு வெளிய வருது. நம்ம ஊர்ல இனி எந்தப் பொந்துல கூடு இருக்கு, இது எங்கன இருந்து வருதுன்னு புரியல. வரப்புல ஏறி நின்னு, நெத்தியில கையை வச்சுக்கிட்டுப் பாத்தேன். எல்லாம் மேக்க போகுது. மேக்க மலையைத் தவிர வேற என்ன இருக்கு? உன் பதிலுக்குக் காத்திருக்க நேரம் இல்லைன்னு அங்கனயே முடிவு பண்ணிட்டேன்.

வீட்டுக்கு வந்து, இன்னைக்கே எரிக்கணும்னு உங்கப்பாகிட்டச் சொன்னேன். தோப்பு வேலைக்கு வாற மாடசாமியை விட்டுச் செய்யச் சொல்லேன்னாரு. மாடசாமி பெண்டாட்டிக்கும் இது நிறைமாசம், மறந்துட்டீங்களான்னு கேட்டேன். அவன் பிள்ளை மட்டும் கிள்ளுக்கீரையா? அவரு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "நெருப்பு வைக்கதா இருந்தா நான் இல்லாதப்ப வை"ன்னு சொல்லிட்டுக் கோயிலுக்குப் போயிட்டாரு. இத்தனை வருசக் குடித்தனத்துல அவரு மேல எனக்கு அப்படி ஒரு கோவம் வந்ததில்ல. தெருமுனையில அவரு செருப்பைக்கூடப் போடாமப் போறதைப் பாத்ததும் பாவமாவும் இருந்துச்சு.

மாடசாமி குழியை மட்டும் வெட்டிக் கொடுத்தான். வேற எதுலயும் அவன் கை படாமப் பாத்துக்கிட்டேன், வீட்டுக்கு அனுப்பிட்டேன். வெயில் தாழ்ந்து, வெளிய போன ஈயெல்லாம் திரும்பின பிறகு, பெட்டி வாசல்களைச் சாணி வச்சு அடைச்சேன். ஒவ்வொண்ணா இடுப்புல வச்சுத் தூக்கினேன். கனமே இல்ல. கைப்பிள்ளையைத் தூக்குத மாதிரிதான் தூக்கினேன், வேற மாதிரித் தூக்க எனக்குத் தெரியல. உள்ள இருந்து வந்த இரைச்சல் என் விலா எலும்புல தட்டுச்சு. அடியில வைக்கோல், மேல காஞ்ச ஓலை, அதுக்கு மேல மண்ணெண்ணெய். முதல் குச்சி அணைஞ்சு போச்சு. சாஸ்தாவே தடுக்காரோன்னு ஒரு நிமிசம் மலைப் பக்கம் திரும்பிப் பாத்தேன். அடுத்த குச்சி பிடிச்சுக்கிட்டு. சத்தம் முதல்ல ஏறுச்சு, பிறகு மெழுகு உருகி வாசம் வந்துச்சு. நல்ல வாசம் எய்யா. அதைத்தான் என்னால தாங்க முடியல. குழி மேட்டுல உக்காந்து ஓன்னு அழுதேன். அழுது முடிச்சு, மண்ணைத் தள்ளி மூடி, மேல முள்ளு வெட்டிப் போட்டுட்டு, ஆத்துல முழுகிட்டு வந்து இதை எழுதுதேன்.

மத்தியானம் மேக்க போன ஈ கொண்டுபோனது கொண்டுபோனதுதான். அது எந்தப் பொந்துல போய்ச் சேந்துதோ, நான் பிந்திட்டேனோ, தெரியாது. இனி ஆகவேண்டியதைச் சொல்லுதேன், கேட்டுக்கோ. திசையன்விளை அண்ணாச்சி அவரு பனந்தோப்புக்கு ரெண்டு பெட்டி கேட்டாருன்னு சொன்னியே, சீக்கு வந்துட்டு, எரிச்சாச்சுன்னு அவருகிட்ட உள்ளதைச் சொல்லு. மழுப்பாதே. மாதிரி காட்டுததுக்குன்னு நீ கூட எடுத்துக்கிட்டுப் போன அடையும் சட்டமும் உன் அறையில இருக்குமே, அதை இன்னைக்கே அடுப்புல போடு. அதுல உயிர் இல்ல, நீ பயப்பட வேண்டாம். இனி தேனீயே வளக்காதேன்னு நான் சொல்லல. வளத்தா இந்த ஊரு ஈயை இந்த ஊரு மரத்துல செஞ்ச புதுப்பெட்டியில வளத்துக்கோ. அசலூர்ல இருந்து ஒரு துண்டு அடைகூட உள்ள வரப்படாது.

உன் கை சுத்தம். உங்கப்பா கையும் சுத்தம், மாடசாமி கையும் சுத்தம். இது பாவமே இல்லைன்னு நான் சொல்ல வரல. பாவம்தான். எத்தனை உயிர்னு எண்ணவா முடியும்? பாபநாசத்துல போய் முழுகிட்டு வான்னு உங்கப்பா சொல்லுதாரு. கோயில்ல இருந்து வந்தவரு என் கையைப் பாக்காமலே சொன்னாரு. போவேன். ஆனா தண்ணியில போயிருமான்னு எனக்கு உறுதி இல்ல. உறுதி இல்லாம கோமதி பிள்ளை விசயத்துல நான் துணிய மாட்டேன்.

பிள்ளை பிறந்ததும் நாக்குல முதச்சொட்டு இனிப்பு, சேனை தொட்டு வைக்கணும்லா, அதை நான்தான் வைக்கணும்னு கோமதி சொல்லியிருக்கா. மாசியில சீமந்தத்தன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, சேனை வைக்கவங்க குணம்தான் பிள்ளைக்கு வருமாம், உங்க குணம் வரட்டும் அத்தைன்னு கேட்டா. அன்னையில இருந்து நான் வேற எதுக்கும் ஆசைப்படல. இப்ப அவ அம்மாவை வைக்கச் சொல்லு. அத்தை எங்கேன்னு அவ தேடுவா, காய்ச்சல்னு சொல்லிரு, பிறகு ஒரு நாள் நானே அவகிட்டச் சொல்லிக்கிடுதேன். அம்பாசமுத்திரத்துல அம்மா வீட்டுல அவளுக்கு வலி கண்டதும் எனக்கு ஆள் அனுப்பச் சொல்லு. ஆத்தைத் தாண்டி வந்து வாசல்ல நிப்பேன், உள்ள வர மாட்டேன். ஆணா பொண்ணான்னு மட்டும் யாராவது வெளிய வந்து சொல்லுங்க.